சி.எஃப்.எல் மங்கலாக எரிகிறதா? குண்டு பல்பை வைத்தே கோளாறைக் கண்டுபிடிக்கலாம்

டெல்லியில் எல்.இ.டி வந்து வெகு காலமாகிவிட்டது. ஆனாலும் ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸ் மாடிப்படியிலும், கரோல் பாக் பர்சாத்திகளிலும் (மொட்டைமாடி அறைகள்), மயூர் விஹார் ஃபிளாட் பால்கனிகளிலும் சி.எஃப்.எல் (வளைந்த குழாய் பல்பு) இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. நம்மவர்கள் வீட்டுக்கு ஃபேன், சுவிட்ச் என்று ஏதாவது ரிப்பேர் பார்க்கப் போனால், கிளம்பும் நேரத்தில் இந்தக் கேள்வி கட்டாயம் வரும்: "பெட்டியில 100 வாட்டுக்குச் சமம்னு போட்டிருக்கான், பழைய குண்டு பல்பு தந்த வெளிச்சம் வரலையே, ஏன்?"

ஒரே புகார்தான், காரணம் வீட்டுக்கு வீடு வேறு. சில வீட்டில் பல்பு வாங்கியதில் பிசகு, சில வீட்டில் ஹோல்டர், சில வீட்டில் வோல்டேஜ். இது எதுவும் தெரியாமல் பல்பை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் காசுதான் போகும். அதனால் உங்களுக்குத் தெரியும் அறிகுறி எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

60 வாட் குண்டு பல்பு ஒன்று வீட்டில் வைத்திருங்கள். விளக்குக்காக இல்லை, சோதனைக்காக. அதற்குள் கம்பி ஒன்றுதான் இருக்கிறது, எலக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது. வருகிற கரண்ட் எப்படியோ அப்படியே காட்டும்.

மங்கலாக எரியும் சி.எஃப்.எல்லைக் கழற்றிவிட்டு, அதே ஹோல்டரில் இந்தக் குண்டு பல்பை மாட்டுங்கள். மெயினை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. சி.எஃப்.எல்லைக் கழற்றும்போது கண்ணாடிக் குழாயைப் பிடித்துத் திருகாதீர்கள், அடியில் உள்ள பிளாஸ்டிக் பகுதியைப் பிடியுங்கள்.

குண்டு பல்பு பளிச்சென்று எரிந்தால் கோளாறு சி.எஃப்.எல் பக்கம். அதுவும் மங்கலாக, சிவந்த நிறத்தில் எரிந்தால் ஹோல்டர், வயர், வோல்டேஜ் இவற்றில் ஒன்று. மூடிய பிளாஸ்டிக் விளக்குக்கூட்டிலோ ஃபால்ஸ் சீலிங்கிலோ குண்டு பல்பை ஓரிரு நிமிடத்துக்கு மேல் எரியவிடாதீர்கள். சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும். 100 வாட் பல்பை அங்கே மாட்டவே கூடாது.

## அறிகுறி 1: புது சி.எஃப்.எல், மாட்டிய நாளிலிருந்தே வெளிச்சம் போதவில்லை

முதல் காரணம்: வாட் கணக்கு. வாட் என்பது தின்கிற மின்சாரம். தருகிற வெளிச்சத்தைச் சொல்வது லூமென். நம் ஊர் 230 வோல்ட்டில் 40 வாட் குண்டு பல்பு சுமார் 400 லூமென் தரும்; 60 வாட் சுமார் 700; 100 வாட் சுமார் 1,300. சி.எஃப்.எல் ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 50 முதல் 60 லூமென் தரும். ஆக 20 வாட் சி.எஃப்.எல் 1,000 முதல் 1,200 வரைதான் வரும். அதைத்தான் "100 வாட்டுக்குச் சமம்" என்று அட்டையில் போட்டு விற்கிறார்கள். அட்டைக்காரர்கள் குண்டு பல்பின் வாட்டை ஐந்தால் வகுக்கிறார்கள், நீங்கள் நாலால் வகுத்துப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்துக்கு 15 வாட் சி.எஃப்.எல், 100 வாட் இருந்த இடத்துக்கு 23 அல்லது 25 வாட். கொஞ்ச நாளில் வெளிச்சம் குறையப் போவதையும் சேர்த்து யோசித்தால் இந்தக் கணக்குதான் கடைசிவரை நிற்கிறது.

இணையத்தில் தேடினால் 60 வாட் பல்புக்கு 800 லூமென் என்று வரும். அது அமெரிக்காவின் 120 வோல்ட் பல்பு. அதன் கம்பி தடிமன், அதே வாட்டில் கூடுதல் வெளிச்சம் தரும். நம் 230 வோல்ட் பல்பை அதோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும்.

இரண்டாவது: அவசரம். குண்டு பல்பு சுவிட்சைத் தட்டியதும் முழு வெளிச்சம் தரும். சி.எஃப்.எல்லுக்கு அரை நிமிடத்திலிருந்து மூன்று நிமிடம் வரை வேண்டும். குழாய்க்கு மேல் உருண்டையான பால் கண்ணாடி மூடி உள்ள வகைகள் இன்னும் மெதுவாக ஏறும். மாட்டியதும் பார்த்து "மங்கல்" என்று முடிவுகட்ட வேண்டாம். ஐந்து நிமிடம் விட்டுப் பாருங்கள். பாத்ரூம், ஸ்டோர் ரூம் மாதிரி போய் உடனே திரும்பும் இடங்களில் இந்தத் தாமதம்தான் முழுப் பிரச்சினையும். அங்கே சி.எஃப்.எல் சரிப்படாது, எல்.இ.டி போட்டுவிடுங்கள்.

மூன்றாவது: மாட்டியிருக்கும் கோணம். இதை யாரும் கவனிப்பதில்லை. குண்டு பல்பு, அதன் மூடிப் பக்கம் தவிர எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஒளிவிடும். நேர்க்குழாய்களை வளைத்துச் செய்த சி.எஃப்.எல் பக்கவாட்டில் நன்றாக ஒளிவிடும், நுனிப் பக்கம் குறைவு. சுவரில் ஆங்கிள் ஹோல்டரில் மாட்டினால் அந்த நுனி அறையைப் பார்த்து நிற்கும். நல்ல வெளிச்சமெல்லாம் சுவருக்கும் கூரைக்கும் போய்விடும். கூரையிலிருந்து நேராகத் தொங்கவிட்டாலோ, சாப்பாட்டு மேசைக்கு நேர்கீழே கொஞ்சம் மங்கல், சுற்றுச் சுவரெல்லாம் பளிச். இங்கே சுருள் வடிவ சி.எஃப்.எல் மாட்டிப் பாருங்கள், ஒளி ஓரளவு சீராகப் பரவும்.

நான்காவது: பழைய ஷேடு. குண்டு பல்புக்கென்று செய்த மேசை விளக்கில், கம்பி இருக்கும் இடத்தைக் கணக்கிட்டுக் குடையை வளைத்திருப்பார்கள். நீளமான சி.எஃப்.எல் அந்தக் குடையை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு கண்ணில் அடிக்கும், புத்தகத்தில் விழாது. குட்டையான வகை வாங்குங்கள், இல்லாவிட்டால் ஷேடை மாற்றுங்கள்.

### இரண்டையும் நேருக்கு நேர் அளக்க வேண்டுமென்றால்

கண்ணை நம்ப முடியாது. ஒன்றைப் பார்த்துவிட்டு இன்னொன்றைப் பார்ப்பதற்குள் கண்மணி தன்னைச் சரிசெய்துகொண்டுவிடும். வெளிச்சத்தை அளக்கும் செல்போன் லக்ஸ் ஆப் ஓரளவு உதவும். ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒரே போனை ஒரே இடத்தில் வைத்து, எது கூட, எது குறைவு என்று மட்டும் பாருங்கள்.

அதைவிட நம்பகமானது எண்ணெய்ப் பொட்டு. புன்சன் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 19-ஆம் நூற்றாண்டில் விளக்குகளை ஒப்பிடப் பயன்படுத்திய முறை இது, இன்றும் வீட்டில் செய்யலாம். வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, பரவியதும் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். (டெல்லி ஜனவரியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடக்கும், அதனால்தான் நல்லெண்ணெய்.) இருட்டு அறையில் இரண்டு விளக்கையும் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி நிறுத்தி, இரண்டு மீட்டர் இடைவெளியில் வையுங்கள். ஐந்து நிமிடம் எரியட்டும். நடுவில் தாளைச் செங்குத்தாகப் பிடியுங்கள். நீங்கள் பார்க்கும் பக்கம் வெளிச்சம் அதிகமென்றால் பொட்டு கறுப்பாகத் தெரியும். தாளின் மறுபக்கம் அதிகமென்றால் பொட்டு பளிச்சென்று தெரியும். தாளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் பொட்டு கிட்டத்தட்ட மறைந்துவிடும். அங்கே இரு பக்க வெளிச்சமும் சமம்.

இரண்டு தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். சி.எஃப்.எல்லிலிருந்து 110 சென்டிமீட்டர், குண்டு பல்பிலிருந்து 90 என்றால், 110-ஐ 90-ஆல் வகுத்து வருவதை அதாலேயே பெருக்குங்கள்: சுமார் 1.5. உங்கள் சி.எஃப்.எல் ஒன்றரை மடங்கு வெளிச்சம் தருகிறது என்று அர்த்தம். இரண்டு விளக்கின் நிறமும் வேறாக இருந்தால் பொட்டு முழுசாக மறையாது, மிகக் குறைவாகத் தெரியும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைச் செய்து காட்டிய பிறகு பல வீடுகளில் "அட, இதுதானே ஜாஸ்தி!" என்று அவர்களே சொல்வார்கள். அப்படியானால் கோளாறு வெளிச்சத்தில் இல்லை, நிறத்தில். அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி 2: வெளிச்சம் இருக்கிறது, ஆனால் எல்லாம் வெளிறித் தெரிகிறது

கல்யாணத்துக்குப் புடவை எடுத்து வைத்த மாமி, ராத்திரி பொருத்தமாகத் தெரிந்த அரக்கு ரவிக்கை காலையில் வேறு நிறமாக இருக்கிறது என்பார். சாம்பாரில் மஞ்சள்பொடி போட்டதா இல்லையா என்று சந்தேகம் வரும். பூஜை அறையில் குங்குமம் மங்கிக் கிடக்கும்.

பெட்டியின் பக்கவாட்டில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். குண்டு பல்பின் ஒளி ஏறக்குறைய 2,700 கெல்வின், இளமஞ்சள். நம் கடைகளில் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் 6,500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. சாந்தினி சௌக் பக்கம் பகீரத் பேலஸ் மார்க்கெட்டுக்குப் போனால் "வார்ம் ஒயிட்" என்று கேட்டு, பெட்டியில் 2,700 இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பாதி புகார் இதோடு தீர்ந்துவிடும்.

மீதிப் பாதி தீராது. நிறங்களை உள்ளபடி காட்டும் தன்மைக்கு 100 வரை மதிப்பெண் உண்டு. குண்டு பல்புக்கு 100, சாதாரண சி.எஃப்.எல்லுக்கு 80-ஐ ஒட்டித்தான் வரும். சிவப்பில்தான் முக்கியமாக அடிவாங்கும். பட்டுப்புடவை பார்க்கும் அலமாரிக்கும் தையல் மெஷினுக்கும் சி.எஃப்.எல் வேண்டாம் என்பதே என் கருத்து. அந்த ஓரிரு இடத்துக்கு, 90-க்கு மேல் மதிப்பெண் போட்டிருக்கும் எல்.இ.டி தேடி வாங்குங்கள்.

## அறிகுறி 3: முன்பு நன்றாக இருந்தது, இப்போது மங்கிவிட்டது

முதலில் தூசி. டெல்லிப் புழுதியும் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து குழாய் இடுக்கில் படிந்திருக்கும். அணைத்து, ஆறவிட்டு, உலர்ந்த துணியால் துடையுங்கள். மேல் மூடியைக் கழற்றிக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். செத்த பூச்சிகளைக் கொட்டினாலே சில வீட்டில் வித்தியாசம் தெரியும்.

அடுத்து வயது. குண்டு பல்பு சுமார் 1,000 மணி நேரம் எரியும், பிறகு பட்டென்று போய்விடும். சி.எஃப்.எல் 6,000, 8,000 மணி நேரம் என்று போட்டிருப்பார்கள். ஆனால் அதுவரை ஒரே வெளிச்சம் தராது. ஆயுளில் பாதி வருவதற்குள்ளேயே ஐந்தில் ஒரு பங்கு குறைவது சாதாரணம். இது மெல்ல மெல்ல நடப்பதால் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது, விருந்தாளிதான் "என்ன இவ்வளவு இருட்டா இருக்கு?" என்பார். குழாயின் அடிப்பகுதியில் கறுப்பு வளையம் படர்ந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் காலம் முடிந்தது. எரிகிறதே என்று விட்டுவைக்காதீர்கள். அதே மின்சாரத்தைத் தின்றுகொண்டு குறைந்த வெளிச்சம் தருகிறது.

மூன்றாவது சூடு. மே, ஜூனில் அறையே 40 டிகிரிக்கு மேல் இருக்கும்போது, மூடிய குளோபுக்குள் இருக்கும் சி.எஃப்.எல் வெந்துபோகும். சூடு ஏறினாலும் ஒளி குறையும், அடியில் உள்ள கெப்பாசிட்டரும் (மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பாகம்) சீக்கிரம் உப்பிவிடும். ஒரு சோதனை: போட்டதும் நன்றாக எரிந்து, அரை மணி கழித்து மங்குகிறதா? குளோபைக் கழற்றிவிட்டு அதே அரை மணி பாருங்கள். மங்கவில்லையென்றால் திறந்த விளக்குக்கூடு போடுங்கள். அடிப் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தாலோ, வெடித்திருந்தாலோ அன்றைக்கே தூக்கிப்போட வேண்டும். உள்ளே இருப்பதைப் பிரித்து ரிப்பேர் செய்யலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி நிற்கும், குழாய் உடைந்தால் பாதரசம் வேறு. வேண்டாம்.

## அறிகுறி 4: வாசல், பால்கனி விளக்கு குளிர்காலத்தில் மட்டும் மங்கல்

மார்கழி விடியலில் கோலம் போட வாசல் விளக்கைத் தட்டினால், இளஞ்சிவப்பாக ஒரு மினுக்கு, அப்புறம் சோகையாக ஓர் ஒளி, புள்ளிகூடச் சரியாகத் தெரியாது. சென்னையில் இதே பல்பு இப்படிச் செய்யாது. டெல்லியில் அந்த நேரத்தில் 5, 6 டிகிரிதான் இருக்கும். சி.எஃப்.எல் குழாய்க்குள் இருக்கும் பாதரச ஆவி 25 டிகிரியை ஒட்டிய சூழலில்தான் ஒழுங்காக வேலை செய்யும். குளிரில் ஆவி குறையும், ஒளியும் குறையும். சில வகைகளில் பாதி அளவுக்குக்கூட இறங்கிவிடும். குண்டு பல்புக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை.

பல்பு கெட்டுவிட்டதா என்று பார்க்க, அதை உள்ளே எடுத்துவந்து அறைக்குள் மாட்டுங்கள். நன்றாக எரிந்தால் பல்பு நல்லதுதான். காசில்லாத தீர்வு: கோலம் போடப் பத்து நிமிடம் முன்பே விளக்கைப் போட்டுவிடுங்கள். அடுத்த தீர்வு: மூடிய கண்ணாடி குளோப். கோடையில் கழற்றச் சொன்ன அதே குளோப்தான், குளிரில் சூட்டைப் பிடித்துவைத்து உதவும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்ட அலுப்பாக இருந்தால் அந்த ஓரிடத்தில் மட்டும் எல்.இ.டி போடுங்கள். அது குளிரில் சுணங்காது.

## அறிகுறி 5: சி.எஃப்.எல் பரவாயில்லை, குண்டு பல்புதான் அழுகிறது

இது பல்புக் கோளாறே இல்லை. வோல்டேஜ் குறைகிறது. குண்டு பல்பு இதை உடனே காட்டிக்கொடுக்கும்: வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் அதன் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் இறங்கும். 190 வோல்ட்டுக்குப் போனால் பாதிதான் மிஞ்சும். சி.எஃப்.எல் அவ்வளவு மோசமாகச் சரியாது. எனவே ஒப்பீடு செய்யும்போது வோல்டேஜையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜூன் மாத ராத்திரி பத்து மணிக்கு, தெருவெல்லாம் ஏ.சி ஓடும்போது ஒப்பிட்டால் சி.எஃப்.எல் ஜெயிக்கும், அதே இரண்டு பல்பையும் விடியற்காலையில் ஒப்பிட்டால் முடிவு மாறும்.

மல்டிமீட்டர் இருந்தால் பிளக் பாயிண்டில் வைத்துப் பாருங்கள். அளக்கத் தெரிந்தவர் மட்டும். அப்புறம் இப்படிப் பிரித்துக்கொண்டு போங்கள்.

ஓர் அறையில் மட்டும் மங்கல்: ஹோல்டரின் பித்தளைப் பின்கள் ஸ்பிரிங் தளர்ந்து உள்ளே போயிருக்கும், அல்லது கருகியிருக்கும். ஹோல்டர் பழுப்பேறி, சொரசொரவென்று சத்தம் வந்தால் மாற்ற வேண்டியதுதான். விலை சொற்பம். அடுத்தது சீலிங் ரோஸ் (கூரையில் வயர் இறங்கும் வட்ட இணைப்பு), சுவிட்ச் இவற்றில் திருகு தளர்ந்திருப்பது.

அயர்ன் பாக்ஸ், கீசர் போட்டால் மட்டும் மங்கல்: எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது, அல்லது வயர் மெலிசு. மொட்டைமாடி பர்சாத்திகளில் கீழ்வீட்டு மீட்டரிலிருந்து மெலிந்த வயரை நீளமாக இழுத்திருப்பார்கள். இங்கே பல்பை மாற்றிப் புண்ணியமில்லை. அந்த இணைப்பு சூடேறிக்கொண்டிருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீடு முழுக்க மங்கல்: பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கும் அப்படியென்றால் மின் கம்பெனிக்குப் புகார். உங்களுக்கு மட்டும் என்றால் மீட்டர், மெயின் சுவிட்ச் இணைப்பு. மீட்டர் சீலைத் தொடாதீர்கள், அது அவர்கள் வேலை.

இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும்: மலிவான ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சி.எஃப்.எல் உறுமும், சில சமயம் மங்கும். கரண்ட் வந்ததும் சரியாகிவிட்டால் பல்பைக் குறைசொல்ல வேண்டாம்.

## அறிகுறி 6: சுவிட்சை அணைத்த பிறகும் சி.எஃப்.எல் விட்டுவிட்டு மின்னுகிறது

குண்டு பல்பு மாட்டினால் இது நடக்காது. அதனால் சி.எஃப்.எல் கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள். சுவிட்சில் சின்னச் சிவப்பு விளக்கு உண்டா? அதன் வழியாகத் துளி மின்சாரம் கசிந்து சி.எஃப்.எல்லின் கெப்பாசிட்டரில் சேர்ந்து, நிறைந்ததும் ஒரு மினுக்கு. சாதாரண சுவிட்ச் போட்டால் தீர்ந்தது. டிம்மரில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) மாட்டியிருந்தாலும் மினுக்கும், சீக்கிரம் போகும். "டிம்மபிள்" என்று போடாத சி.எஃப்.எல்லை டிம்மரில் மாட்டக் கூடாது.

சிவப்பு விளக்கும் இல்லை, டிம்மரும் இல்லையென்றால் சுவிட்ச் ஃபேஸில் (கரண்ட் வரும் வயர்) இல்லாமல் நியூட்ரலில் (திரும்பிப் போகும் வயர்) மாட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் நிற்கும். மெயினை அணைக்கச் சொன்னது இதற்காகத்தான். இதற்கு உடனே எலக்ட்ரீஷியன் வேண்டும்.

## அறிகுறி 7: விளக்குகள் திடீரென்று கூடுதலாகப் பளிச்சிடுகின்றன

மூன்று ஃபேஸ் வீட்டில் ஓர் அறை பளீரென்றும் இன்னோர் அறை மங்கலாகவும் மாறினாலோ, ஒரு ஃபேஸ் வீட்டில் எல்லாக் குண்டு பல்பும் வெளுத்து எரிந்து ஃபேன் வேகம் எடுத்தாலோ, எதையும் சோதித்துக்கொண்டு நிற்காதீர்கள். மெயினை அணையுங்கள். நியூட்ரல் விட்டுப்போன அறிகுறி இது. 230-க்குப் பதில் 300 வோல்ட்டுக்கு மேலும் வரலாம். ஃபிரிட்ஜ், டி.வி பிளக்குகளைப் பிடுங்கிவிட்டு, பில்லில் உள்ள புகார் எண்ணுக்கு அழைத்து "நியூட்ரல் போயிருக்கிறது" என்று சொல்லுங்கள். அக்கம்பக்கத்துக்கும் குரல் கொடுங்கள், அவர்கள் வீட்டிலும் அதே கதைதான் நடந்துகொண்டிருக்கும். ஆள் வந்து சரிசெய்து, மீட்டர் வைத்து அளந்து காட்டும்வரை மெயினைப் போடாதீர்கள்.

## மாற்றும்போது உடைந்துவிட்டால்

சி.எஃப்.எல்லில் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னலைத் திறந்துவிட்டு, கால் மணி நேரம் அறையை விட்டு நகருங்கள். துடைப்பமும் வேண்டாம், வேக்குவம் கிளீனரும் வேண்டாம், தூளைக் காற்றில் பரப்பிவிடும். கெட்டி அட்டையால் சில்லுகளைத் தள்ளி அள்ளி, மிச்சத்தைச் செலோடேப்பால் ஒற்றி எடுத்து, ஈரத் தாளால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் போட்டு மூடுங்கள். உடையாத பழைய பல்பையும் வீட்டுக் குப்பையில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்குபவரிடம் தனியாகக் கொடுங்கள்.